ஏப்ப வகுப்பு

செல்வராணிக்கு வாயுத் தொல்லை என்று முதலில் தீர்ப்புச் சொன்னவன் அவள் கணவன் மனோகரன்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் உட்காருகிறாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "கப்... தப்... பப்..." என்று முக்கலும் முனகலுமாகக் கேட்கிறது. பிறகு பெரிதாக ஓர் ஏப்பம். அதைத் தொடர்ந்து யார் யாரோ ஆங்கிலத்தில் பிரமாதம், பிரமாதம் என்கிறார்கள். கட்டிய புருஷன் வேறு என்னதான் நினைப்பான்? ஓமத்தைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற்றி, தம்ளரோடு உள்ளே நுழைந்துவிட்டான். இடுப்பில் கைலி, மேலே ஒன்றுமில்லை. திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்த உலகம் மொத்தமும் அவனைப் பார்த்துக் கையசைத்தது.

"அலமாக்," என்று மலாயில் ஐயையோ போட்டுவிட்டு வந்த வழியே ஓடினான். ஓமத் தண்ணீரை மட்டும் மறக்காமல் மேசையில் வைத்துவிட்டுத்தான் ஓடினான், அதையும் சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். செல்வராணி மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் குளுவாங்கில், ஒரு மறுவாழ்வு மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பேச்சு வராத குழந்தைகள், பக்கவாதத்தில் நாக்கு குழறிப்போன பெரியவர்கள், இவர்களோடுதான் இத்தனை வருஷமும் அவள் பாடு. இப்போது அவள் சேர்ந்திருப்பது வேறொரு படிப்பு. புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கதிர் வைத்து, மருந்து ஏற்றி, எல்லாம் ஆன பிறகு அந்த ஆளை மறுபடி மனுஷனாக நடமாட வைப்பது எப்படி என்று மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு இணையம் வழியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாதியர், உடற்பயிற்சி நிபுணர், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் என்று பல தேசத்து ஆட்கள். ஜோகூரில் வெள்ளி, சனியாக இருந்த வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியதில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்த வகுப்பு.

வகுப்பை நடத்திய ஹெலன் அம்மையார் ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளை முடி, கையில் எப்போதும் ஒரு தேநீர்க் கோப்பை. தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையையே எடுத்துவிட்டவர்களுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர் பாடம். குரல்வளை போன பிறகு மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய்வரும். வாய்க்கும் நுரையீரலுக்கும் உறவு முறிந்துவிடும். ஆனாலும் பேச ஒரு வழி இருக்கிறது. காற்றை வாயால் உணவுக்குழாய்க்குள் தள்ளி, அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அந்த ஏப்பத்தையே வார்த்தையாக உருட்ட வேண்டும். "நீங்கள் செய்து பார்க்காததை நோயாளியிடம் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் ஏப்பம் விடுங்கள்" என்று ஹெலன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படித்துப் பட்டம் வாங்கிய கூட்டம் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து ஏப்பம் விட்டது.

சும்மா இருந்த செல்வராணி எதற்காக இதில் போய்த் தலையைக் கொடுத்தாள் என்று கேட்டால், அதற்குப் பதில் சிம்பாங் ரெங்கத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, அபு பாய் கடையில் இருந்தது.

அபூபக்கர் என்பது அடையாள அட்டையில்தான். ஊருக்கு அவர் அபு பாய். அவர் கடையில் ரொட்டியும் நன்றாக இருக்கும், மீன் கறியும் நன்றாக இருக்கும், ஆனால் ஜனங்கள் அங்கே போனது அவர் குரலுக்காக என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? அப்போதெல்லாம் ஆர்டரை எழுதுவது கிடையாது. மேசை மேசையாக வந்து காதில் வாங்கிக்கொள்வார். நடுக்கடையில் நின்று அடுப்பைப் பார்த்து ஒரே குரல் கொடுப்பார்.

"ரெங்கம் லாரிக்கு ரொட்டி தெலூர் டூவா! தெங்காரா டீச்சருக்குக் கோப்பி ஓ! மூலை மேசைக்குத் தே தாரிக் சத்து, குராங் மானிஸ்!"

முட்டை ரொட்டி இரண்டு, பால் விடாத காப்பி, இனிப்புக் குறைத்து ஆற்றிய தேநீர், எல்லாம் அந்த ஒரே குரலில் போய்விடும். கூப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஒரு ராகம் இருந்தது. ஆரம்பத்தில் மெல்ல எடுத்து, நடுவில் உயர்த்தி, கடைசி வார்த்தையை ஊஞ்சல் மாதிரி ஆட்டி விடுவார். மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரை அதிரும்போதும் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். எதிரே நிற்கும் பஸ் டிரைவர்கள் வண்டியில் இருந்தபடியே கையைக் காட்டுவார்கள், இங்கிருந்து குரல் போகும், தேத்தண்ணி வந்துவிடும்.

செல்வராணியின் அப்பா ஐயாசாமி ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். சனிக்கிழமைகளில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டவுனுக்கு வருவார். லாரியில் இருந்து இறங்கினால் உடம்பெல்லாம் செம்பனை வாடை அடிக்கும், சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும். எஸ்டேட் ஆபீசில் அவரை ஏய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அபு பாய் கடைக்குள் கால் வைத்ததும் "ரெங்கம் லாரி வந்தாச்சு!" என்று ஒரு குரல் எழும், கடையே திரும்பிப் பார்க்கும். ரெங்கம் லாரி என்பது ஏதோ டத்தோ மாதிரி பெரிய பட்டம் என்று அந்தப் பெண் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முதுகு அந்த நேரத்தில் நிமிர்வதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் முகம் கூடச் சில சமயம் மங்கிப்போகிறது, அந்த ஒரு கூப்பாடு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அவள் அந்தக் கடைக்குப் போனாள். ரொம்ப நாள் கழித்துப் போனாள் என்பதுதான் உண்மை. நெடுஞ்சாலைக்குப் பக்கம் புதுப்புதுக் கடைகள் வந்துவிட்டன, குளுவாங் வேலை, வீட்டு வேலை, போகவே முடியவில்லை. மேசையில் ஒரு சதுரக் கட்டத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் ஆர்டர் தானாக அடுப்படிக்குப் போகிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கல்லாவில் அபு பாய் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், வாயாலேயே ஊரைக் கட்டி ஆண்ட மனுஷனுக்கு இந்தக் கதி. செல்வராணி காரில் வந்து உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் மனைவி மீரா பீவியிடம் விசாரித்ததில் விவரம் தெரிந்தது. தொண்டைப் புற்றுநோய், குரல்வளையை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தொண்டைக்குள் வால்வு வைத்துப் பேச வைக்கும் முறை கதிர் வைத்துக் கெட்டுப்போன அவர் சதைக்குத் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்து அவர் முதல் வார்த்தை பேசியதும் மூத்த மகள் வயிற்றுப் பேத்தி வீறிட்டு அழுதாள். அன்றைக்கு அலமாரியில் வைத்தவர் அப்புறம் அதைத் தொடவில்லை. ஏப்பப் பேச்சு கற்றுக்கொடுக்க அவள் மையத்தில் யாருமில்லை, அவளுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்காட்லாந்து அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தாள்.

மதியக் கூட்டம் கலைந்த பிறகு, கடைக்கு மேலே அவர்கள் குடியிருக்கும் வீட்டில் பயிற்சி நடந்தது. அபு பாய் பக்கத்தில் மீரா பீவி, எதிரே செல்வராணி. கற்றுக்கொடுக்கப் போனவள் முதலில் தானே ஓர் ஏப்பம் விட்டு அதில் "தப்பு" என்ற வார்த்தையைச் சொல்லிக் காட்டினாள். மீரா பீவி முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அபு பாயும் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் ஆடியது. எப்படியோ வெட்கம் போய்விட்டது.

அவருக்கு ஏப்பம் சீக்கிரமே பிடிபட்டது. ஆனால் ஒரு கோளாறு. காற்று மேலே வரும், சத்தம் வரும், அதைப் பிடித்து வார்த்தையாக்க வேண்டிய அந்தக் கணத்தில் அவர் உதடு தானாக வேறெதையோ முணுமுணுக்கும், காற்று வீணாகிவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம், இதே கதை. நாக்கில் கோளாறா, நரம்பில் கோளாறா என்று செல்வராணி மண்டையை உடைத்துக்கொண்டாள். ஹெலனிடம் பதிவைப் போட்டுக் காட்டினாள், அவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் மீரா பீவிதான் உடைத்தார்.

"ஏப்பம் வந்தா அல்ஹம்துலில்லாஹ் சொல்லணும்ல ராணி. சின்ன வயசுப் பழக்கம். அதான் ஒவ்வொன்னுக்கும் சொல்றாரு."

பாருங்கள் கூத்தை. பூமியின் அந்தக் கோடியில் இருக்கும் நிபுணருக்கு இது எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? ஒவ்வோர் ஏப்பத்துக்கும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லப் போய், சொல்ல வேண்டிய வார்த்தை ஓடிப்போகிறது. எல்லா ஏப்பத்துக்கும் சேர்த்துப் பயிற்சி முடிவில் ஒரு தரம் சொல்லிக்கொள்ளலாமா என்று செல்வராணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் யோசித்துச் சம்மதித்தார். அன்றைக்கே "தப்பு" வந்தது. கரகரவென்று, தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் வார்த்தை.

தப்பு, கட்டு, பட்டு, தட்டு என்று கொஞ்ச நாள் போயிற்று. க, த, ப வந்தால் அந்த எழுத்தே காற்றை உள்ளே தள்ளிவிடும், சுலபம். உயிரெழுத்தில் ஆரம்பித்தால் தனியாகக் காற்றை விழுங்க வேண்டும், மகா சிரமம். அபு பாய் இரண்டு, மூன்று வார்த்தை கோத்துச் சொல்லும் அளவுக்கு வந்தார். பிறகு திடீரென்று சுணங்கினார். செல்வராணி மேலே வந்தால் தூங்குவதாக மீரா பீவி சொல்வார். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் காய்கறி லாரி வந்துவிட்டது என்று சாக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவள் தன் பிரச்சினையைச் சொன்னாள். எந்தெந்த எழுத்து வருகிறது, எது வரவில்லை, எவ்வளவு நேரம் பயிற்சி என்று கணக்கெல்லாம் சொன்னாள். ஹெலன் கோப்பையைக் கீழே வைத்தார். அவரால் எதைச் சொல்ல முடியவில்லை என்று நன்றாகச் சொன்னீர்கள், அவர் யாரிடம் எதைச் சொல்ல ஆசைப்படுகிறார் என்று கேட்டீர்களா என்றார். செல்வராணிக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்கவில்லை. தட்டு, கட்டு என்று சொல்ல யாருக்கு என்ன ஆசை இருக்கப்போகிறது?

மறுநாளே போய்க் கேட்டாள். அபு பாய் கைப்பேசியை எடுத்து ஒற்றை விரலால் தட்டி அவளிடம் நீட்டினார்.

"ஆப்ரின் நிக்காஹ். நான் சொல்லணும்."

ஆப்ரின் அவர்களுடைய கடைசி மகள். ஜோகூர் பாருவில் தங்கி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். மாப்பிள்ளை ஷாஹித்தும் அங்கேதான் வேலை. பள்ளி விடுமுறையில் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. நிக்காஹில் பெண்ணின் தகப்பன்தான் பொறுப்பாளி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகள் இன்னாளை உனக்கு மணம் முடித்துத் தருகிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை ஒப்புக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் தகப்பன், நிக்காஹ் நடத்தி வைக்கும் காஜியாருக்கு அனுமதி கொடுத்து, அவரைச் சொல்ல வைக்கலாம். நிறைய வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மூத்தவள் நஜ்வாவின் நிக்காஹில் அபு பாய் தானே சொன்னவர். ஒலிபெருக்கி இல்லாமல் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று ஊரே பேசியது. சின்னவளுக்கு மட்டும் ஊமைத் தகப்பனாக உட்கார்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை.

ஆப்ரினுக்கு இதில் சம்மதமில்லை. வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் செல்வராணியைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினாள். கடையில் இரண்டு பையன்கள் அவள் அத்தா அபு பாயின் புதுக்குரலைக் கேலி செய்து பேசிக் காட்டியதை அவள் பார்த்துவிட்டாள். நெருங்கிய சொந்தம், தூரத்துச் சொந்தம், மாப்பிள்ளை வீட்டார், எல்லோரும் இருப்பார்கள்.

"யாராச்சும் ஒருத்தர் சிரிச்சாக் கூட நான் தாங்க மாட்டேன்க்கா. அத்தா அவ்ளோ பேர் முன்னாடி சிரமப்பட வேணாம். காஜியாரே சொல்லட்டும்."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்தது. இரண்டு வருஷமாக அவள் ஃபோன் செய்தால் அம்மாதான் பேசுவார், அத்தா பக்கத்தில் இருந்து கேட்பார். முன்பெல்லாம் அவள் ஃபோனை எடுத்ததும் ஆப்ரின் என்று அவர் கூப்பிடுகிற சத்தத்தில் பக்கத்து அறைக்காரிக்கும் முழிப்பு வந்துவிடுமாம். இப்போது மூச்சு போய்வருவது மட்டும் ஃபோனில் கேட்கிறது, அதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன் என்றாள். செல்வராணியால் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியவில்லை. ஆசைப்படுகிறவர் அப்பன், பயப்படுகிறவள் மகள், இரண்டும் ஒரே பாசம்தான்.

பயிற்சி மறுபடி சூடு பிடித்தது. தலைவலி, காய்கறி லாரி எல்லாம் போன இடம் தெரியவில்லை. நிக்காஹ் வாசகம் மலாய் மொழியில், அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பழகினார்கள். முரண்டு பிடித்தது இரண்டே வார்த்தைகள். என் மகள் என்பதற்கு மலாயில் அனாக்கு, அதற்கு அடுத்து ஆப்ரின். அடுத்தடுத்து இரண்டும் உயிரெழுத்தில் ஆரம்பிக்கின்றன. காற்று உள்ளே போகாது, வாய் மட்டும் திறக்கும். இத்தனை பெயர் இருக்க இந்தப் பெயரையா வைக்க வேண்டும் என்று செல்வராணி வாய்விட்டே புலம்பினாள். வைத்தது தான்தான் என்று அபு பாய் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நூறு தரம் சொல்லிப் பார்த்தால் ஒரு தரம் பாதிப் பெயர் வரும். வகுப்பில் கானா தேசத்துத் தாதி ஒருத்தி ஒரு வழி சொன்னாள். முந்தின வார்த்தையின் கடைசியில் வாயை மூடிக் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்ததற்குள் திறக்கச் சொல்லுங்கள் என்றாள். அது கொஞ்சம் உதவியது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அபு பாய் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டார். செல்வராணி போனபோது நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் ஏற்கனவே தட்டி வைத்திருந்தார். ஒரே மூச்சில் சொல்லணும். என்னால ஆகாது. காஜியார் சொல்லட்டும்.

கல்யாண வீடியோ பார்த்த வினை அது. மாப்பிள்ளை ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லி முடித்தால் கைதட்டல், நடுவில் மூச்சு வாங்கினால் சிரிப்பு, மறுபடி முதலிலிருந்து. பார்த்துப் பார்த்து ஊரில் எல்லோருக்கும் அது சட்டமாகவே ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நிக்காஹ் செல்லாது. அபு பாயோ மூன்று வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்திக் காற்றைத் தள்ளியாக வேண்டும். தன் பேச்சால் மகள் கல்யாணமே செல்லாமல் போய்விட்டால்? அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மனுஷன் எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ.

இன்னொருவர் மார்க்கத்தில் செல்வராணி என்ன சொல்ல முடியும்? வீட்டுக்குப் போய் மனோகரனிடம் புலம்பினாள். அவன் தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே, காஜியாரைக் கேட்டாங்களா என்றான். கேட்கவில்லை. கேட்டால் ஆகாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் யாருமே கேட்கவில்லை. ஓமத் தண்ணீர் கொண்டுவந்தவனுக்கும் சில சமயம் மூளை வேலை செய்கிறது.

காஜியாரைத் தேடிப் போகக்கூட வேண்டியதில்லை, வாரத்தில் நாலு நாள் காலையில் அபு பாய் கடையில்தான் ரொட்டி சாப்பிடுகிறார். மலாய்க்காரர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். மீரா பீவியும் செல்வராணியும் அவர் மேசையருகே போய் நின்று, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்கள். அவர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார். ஒரே மூச்சு என்று மார்க்கத்தில் எங்கேயும் கிடையாது என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் சம்பந்தமில்லாமல் நீண்ட இடைவெளி விடக்கூடாது, சொல்வது சாட்சிகளுக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான். வீடியோ எடுக்கிறவன் சட்டத்தை எல்லாம் நீங்கள் எங்கே பிடித்தீர்கள் என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். பிறகு கல்லாவுக்குப் போய் அபு பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார்.

"நீங்க எத்தனை மூச்சு வேணும்னாலும் எடுத்துக்குங்க பாய். நாங்க காத்திருப்போம்."

கல்யாணம் ஊர்ப் பள்ளிவாசலில் நடந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பச்சைப் பட்டுடுத்தி, கையெல்லாம் மருதாணியோடு ஆப்ரின் தாய்க்கும் செல்வராணிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அத்தாதான் சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும், சம்மதமும் சொல்லிவிட்டாள், ஆனால் பயிற்சியை ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. அந்த வார்த்தை சரியாக வராமல் மகள் காதில் விழக்கூடாது என்று அபு பாய் அவள் வரும் நாட்களில் வாயே திறப்பதில்லை. இப்போது ஆப்ரினின் கை செல்வராணியின் கையை நெரித்தது. யாரும் சிரிக்கக்கூடாது, யாரும் சிரிக்கக்கூடாது என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. செல்வராணியும் தன் பங்குக்கு ரெங்கம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டாள். பள்ளிவாசலில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டதற்கு இரண்டு பக்கமும் மன்னிக்கட்டும்.

அபு பாய் ஷாஹித்தின் கையைப் பிடித்தார். காஜியார் ஒலிவாங்கியை அவர் உதட்டருகே நகர்த்தி வைத்தார். முதலில் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், அவன் பதில் சொல்ல வேண்டும். அது முறை.

"ஷா... ஹித்."

அந்தக் கரகரத்த சத்தம் பள்ளிவாசல் முழுக்கப் பரவியது. பின்னால் இருந்த சில குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சாயா, அதாவது இதோ நான் என்று ஷாஹித் மலாயில் அடக்கமாகப் பதில் சொன்னான். அபு பாய் வாயை மூடிக் காற்றைத் தள்ளினார், உனக்கு மணம் முடித்துத் தருகிறேன் என்ற பகுதியை இரண்டாகப் பிரித்துச் சொன்னார், நிறுத்தினார். அவர் கழுத்துத் துணி ஏறி இறங்குவது பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. செல்வராணி தன்னையறியாமல் தானும் வாயை மூடிக் காற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"டெங்கான்... அனாக்கு..."

என் மகளோடு என்ற இடத்தில் நின்றது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி மூடினார். காஜியார் அசையவில்லை. ஷாஹித் பிடித்த கையை விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மீரா பீவி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆப்ரின்."

முழுதாக வந்தது. முதல் எழுத்து தாழ்ந்து, கடைசி எழுத்து கொஞ்சம் நீண்டு, அந்தக் காலத்தில் கடையிலிருந்து மாடிப்படிக்குக் கீழே நின்று அவளைக் கூப்பிடுகிற மாதிரியே வந்தது.

"தோ வரேன்த்தா!"

பதில் சொன்னவள் ஆப்ரின். சத்தமாக, பள்ளிவாசல் மொத்தமும் கேட்கும்படி, பாதி எழுந்தே விட்டாள். இரண்டு வருஷமாகக் கூப்பிடப்படாத பெண்ணுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது மறந்து போய்விட்டது. பிறகு சிரிப்பு ஆரம்பித்தது, முதலில் காஜியார், அப்புறம் ஷாஹித், அப்புறம் பள்ளிவாசல் முழுக்க. அழுதுகொண்டே சிரித்தார்கள். ஆப்ரின் அதற்குத்தான் அத்தனை நாள் பயந்தாள், இப்போது அவளும் சேர்ந்து சிரித்தாள், கண்ணீர் தாடையில் சொட்டச் சொட்ட.

மாப்பிள்ளை பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பெண் பதில் சொல்லிவிட்டாள், அதனால் இன்னொரு தரம் முதலிலிருந்து என்று காஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார். சிரமம்தானே பாய் என்று கேட்டார். அபு பாய் இல்லை என்று தலையாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் செல்வராணி அந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. இன்னும் பத்துத் தரம் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பார்.

ஷாஹித்தின் கையை மறுபடி இறுகப் பிடித்து, வாயை மூடி, காற்றை உள்ளே தள்ளி, அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெயர் வருகிற இடத்தில், இந்த முறை ஆப்ரின் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.